குற்றாலநாதன் ஆதரிக்கும் பெண்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

குற்றாலநாதனுக்கு ஞானோதயம் பிறந்துவிட்டது. எங்கள் ஊர் வழக்கறிஞர் சங்கத்துக்கு இந்தத் தடவை ஒரு பெண்தான் தலைவராக வேண்டுமாம். ‘பொருநை முழக்கம்’ வார இதழில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறான். சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்தவள், சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து படித்தேன். கழுவி வைத்த மீனில் ஒன்றைப் பூனை இழுத்துக்கொண்டு ஓடிய பிறகுதான் எழுந்தேன்.

தலைப்பு: ‘தாயுள்ளம் தலைமை ஏற்கட்டும்.’

“சங்கம் ஒரு குடும்பம். தாய் இல்லாத குடும்பம் நிறைவு பெறுமா? சகோதரி ஆவுடையம்மாள் இன்றுவரை யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. பசியோடு வரும் இளம் வழக்கறிஞர்களுக்குத் தன் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுக்கும் கை அது. அந்தக் கையில் சங்கத்தைக் கொடுத்துப் பார்ப்போமே!”

டிபன் பாக்ஸ்! இருபத்தெட்டு வருஷம் கிரிமினல் கோர்ட்டில் நின்ற ஒருத்தியைப் பற்றிச் சொல்ல இவனுக்கு அகப்பட்டது டிபன் பாக்ஸ். குரல் உயர்த்தியதில்லையாம். போன வருஷம், லாக்கப்பில் ஒருவனை அடித்துவிட்டு வழுக்கி விழுந்தான் என்று சொன்ன இன்ஸ்பெக்டரைக் கூண்டில் ஏற்றி ஆவுடைக்கா கேட்ட கேள்வியில், பக்கத்துக் கோர்ட்டில் என்னுடைய சாட்சி பேசுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். அது குரல் இல்லாமல் என்ன?

உண்மை என்னவென்றால், அவன் கோஷ்டியில் இரண்டு ஆண்கள் தலைவர் பதவிக்கு முட்டிக்கொண்டார்கள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் இரண்டு பேருக்கும் தொந்தரவில்லாத ஒரு பெண். இதற்குப் பெயர் புரட்சி.

நானும் குற்றாலநாதனும் ஒரே வருஷம் பதிவு செய்தவர்கள். ஒரே சீனியரிடம் கேஸ் கட்டுத் தூக்கினோம். அவன் எழுதும் வாக்கியம் எங்கே ஆரம்பித்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

தலைவர் பதவிக்கு நிற்க இருபது வருஷத் தொழில் இருந்தால் போதும் என்பது சங்க விதி. எனக்கு இருபத்திரண்டு ஆகிறது. சும்மா எழுதி வைக்கிறேன். எனக்கு அந்த நாற்காலி மேல் எந்த ஆசையும் கிடையாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

கோர்ட்டில் இன்று எல்லோரும் பெண்ணுரிமைக்காரர்கள். பெண் வக்கீல்கள் அறையில் குழாய் உடைந்து மூன்று மாதம் ஆகிறது, வாளியில்தான் தண்ணீர். அதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. ஆனால் வராண்டாவில் என்னைப் பார்த்த ஆண்கள் எல்லாம் “வாழ்த்துகள் மேடம்” என்கிறார்கள். என்னை எதற்கு வாழ்த்துகிறார்கள்?

குற்றாலநாதன் கேண்டீன் வாசலில் மடக்கினான்.

“பியூலா, படிச்சியா?”

“படிச்சேன்.”

“எப்படி?”

“ஒரு எடத்துல வக்கீலப் பத்தி எழுத மறந்துட்ட போல.”

சிரித்தான். “மக்களுக்கு மனசத் தொடணும்லா. சட்டம் பேசுனா யாரு படிப்பா?” பிறகு ஒரு நோட்டீஸை நீட்டினான். அவர்கள் அணியின் வேட்பாளர்கள், படத்தோடு. நடுவில் ஆவுடைக்கா. அக்காவின் வலது தோளை ஒட்டினாற்போல், பொருளாளர் பதவிக்கு மறுபடியும் அதே மனிதர்.

நோட்டீஸை நான்காக மடித்துப் பைக்குள் போட்டேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்தப் பொருளாளரைப் பற்றி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

மாரிச்செல்வி என் ஜூனியர். அதற்கு முன்னால் குற்றாலநாதனிடம் ஜூனியராக இருந்தாள். ஜனவரியில் சங்க நூலகத்தில் அந்த ஆள் அவளிடம் முறைகேடாக நடந்துகொண்டார். அவள் பயப்படாமல் சங்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தாள். அப்போது துணைத் தலைவர் குற்றாலநாதன். புகாரைக் கையில் வாங்கி, “நான் பேசி முடிக்கிறேன்” என்றான். முடித்துத்தான் விட்டான். ஒரு விசாரணை இல்லை, ஒரு கூட்டம் இல்லை. அடுத்த மாதம் அவள் அவன் ஆபீஸை விட்டு என்னிடம் வந்தாள்.

இன்று அவளிடம் சொன்னேன், குற்றாலநாதனுக்குப் பதில் எழுதப் போகிறேன் என்று. அவள் டைப் செய்வதை நிறுத்தினாள்.

“மேடம், என் விஷயம் அதுல வேண்டாம். பேரு போடாட்டியும் எல்லாருக்கும் தெரிஞ்சிரும். வீட்டுல இப்பவே வேலையை விட்டுட்டு கல்யாணம் பண்ணுன்னு நிக்காங்க.”

“சரி, போடல.”

போடாமல் எழுதுவது எப்படி? எழுதத்தான் போகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

எழுதிக்கொண்டிருந்தேன். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. கரிந்த பாத்திரத்தைத் தேய்த்ததில் இரண்டு நல்ல வாக்கியங்கள் கிடைத்தன.

ஆகஸ்ட் 7, வியாழன்

அனுப்பியாயிற்று. அனுப்புவதற்கு முன்னால் என் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். இவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பார். இரண்டு தடவை படித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நாதன் மேல உள்ள கோவம் பாதி. மிச்சப் பாதி யாரு மேல?”

“என்ன மிச்சப் பாதி?”

“சரி, ஒண்ணு கேக்கேன். உன்னைக் கேட்டிருந்தா நின்னிருப்பியா?”

நாய்க்குச் சோறு வைக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வந்துவிட்டது. குற்றாலநாதன் கட்டுரை வந்த அதே இடத்தில், அதே அளவில். ‘குடும்பத்துக்குத் தாய், கோஷ்டிக்குப் பொம்மை.’ ஒரு எழுத்துகூட வெட்டவில்லை.

“தாய் வேண்டுமென்றால் வீட்டுக்குப் போங்கள், அங்கே இருப்பார். சங்கத்துக்கு வேண்டியது தலைவர். குரல் உயர்த்தாதவர் என்பதைத் தகுதியாகச் சொல்லும் நண்பர், குரல் உயர்த்தும் பெண்ணை ஆதரிப்பாரா? நாற்காலியில் ஒரு பொம்மையை உட்கார வைத்துவிட்டு, நாற்காலியின் நான்கு கால்களையும் தாங்களே பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். பொம்மைக்குப் பட்டுச் சேலை கட்டினால் அது தலைவி ஆகிவிடாது.”

கடைசி வாக்கியம் பாத்திரம் தேய்க்கும்போது கிடைத்தது. காலையிலிருந்து நாலைந்து தடவை படித்துவிட்டேன். ஆராதனையில் இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு “சரியாச் சொன்னீங்க” என்றார்கள்.

குற்றாலநாதனிடமிருந்து போன் இல்லை. ஆவுடைக்காவிடமிருந்தும் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் வக்கீல்கள் கூடும் பார் அறைக்குள் நுழைந்தால் எல்லா மேசையிலும் என் கட்டுரை. நகல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கடைசி வாக்கியத்துக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் கோடு. மேலே கொட்டை எழுத்தில்: ‘பெண் வழக்கறிஞர்களே ஏற்காத பெண் வேட்பாளர்!’

செல்லப்பாண்டியன் ஆட்கள் செய்த வேலை. ஏற்கெனவே இரண்டு தடவை தலைவராக இருந்தவர், மூன்றாவது தடவைக்கு நிற்கிறார். அவர் காலத்தில்தான் பெண்கள் அறையைப் பாதியாகத் தடுத்து ஜெராக்ஸ் கடைக்கு விட்டார்கள். என் நகலும் அந்தக் கடையில்தான் எடுத்திருப்பார்கள்.

அவரே எழுந்து வந்து கும்பிட்டார். “தங்கச்சி, ரொம்ப நன்றி. நாங்க சொல்லணும்னு நெனச்சத நீங்களே சொல்லிட்டீங்க.”

“நான் உங்களுக்காகச் சொல்லல அண்ணாச்சி. உங்களுக்கு ஓட்டுப் போடச் சொல்லி அதுல எங்க இருக்கு?”

“அதெல்லாம் படிக்கவங்க புரிஞ்சுக்கிடுவாங்க.”

கைக்கு எட்டிய மேசைகளில் இருந்ததையெல்லாம் பொறுக்கிக் கிழித்தேன். ஒரு பையன் வக்கீல் செல்போனில் அதைப் படம் எடுத்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வராண்டாவில் ஆவுடைக்கா எதிரே வந்தார்கள். நான் படியிறங்கி வேறு வழியாகப் போனேன். அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலை இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

சாயங்காலம் ஆவுடைக்கா என் ஆபீஸுக்கு வந்தார்கள். மாரிச்செல்வி ஓரத்து மேசையில் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா கவுனைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“ஏட்டி பியூலா, நாதன் எழுதுனதுல நான் எல்லாருக்கும் சோறு போடுத அம்மா. நீ எழுதுனதுல நான் பட்டுச் சேல கட்டுன பொம்மை. ரெண்டு பேரும் அரப் பக்கம் அரப் பக்கமா எழுதியிருக்கீங்க. ஒரு வரியிலயாவது ஆவுடையம்மா வக்கீல்னு இருக்கா?”

“அக்கா, நான் உங்களச் சொல்லல. அவனுக்குத்தான் பதில்…”

“பொம்மைன்னா யாரு, அவனா?”

மேசையில் கிடந்த கேஸ் கட்டின் முடிச்சை அவிழ்த்தேன்.

“அந்த இன்ஸ்பெக்டர் வழக்கு ஒனக்குத் தெரியாதா? நீ பக்கத்துக் கோர்ட்லதான நின்ன? முடிஞ்சதும் வந்து கட்டிப் பிடிச்சியே. அத ஏன்ட்டி எழுதல?”

“எடம் பத்தல” என்றேன். சொன்ன உடனே அது எவ்வளவு கேவலமான பதில் என்று எனக்கே கேட்டது. அதனால் கோபம் வந்தது. “நீங்க மட்டும் என்ன செஞ்சீங்க? அந்தப் பொருளாளர் கூட ஒரே நோட்டீஸ்ல தோளோட தோள் ஒட்டிக்கிட்டு நிக்கீங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே நின்னீங்கல்லா?”

“என்னட்டி தெரிஞ்சுக்கிட்டு?”

டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. அக்கா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“அந்த லைப்ரரி விஷயமா? ஏதோ புஸ்தகம் திருப்பித் தரலைன்னு சண்டை, பேசி முடிச்சாச்சுன்னு நாதன் சொன்னான்.”

“புஸ்தகம் இல்லக்கா” என்றாள் மாரிச்செல்வி. எழுந்து நின்றாள். “அலமாரிக்கு நடுவுல வழி மறிச்சாரு. இடுப்புல கை வச்சாரு. நான் சத்தம் போட்டேன். அப்பதான் நாதன் சார் உள்ள வந்தாரு. அந்த ஆளு கை என் மேல இருந்தத நல்லா பாத்தாரு. பாத்துட்டு, ‘அண்ணாச்சி, வாங்க ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்’னு அவரக் கூட்டிட்டுப் போயிட்டாரு. என்னைய ஒரு வார்த்த கேக்கல.”

குற்றாலநாதன் பார்த்தான் என்பது எனக்குத் தெரியாது. புகாரை அமுக்கினான் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணால் பார்த்தவன், பார்த்ததை விட்டுவிட்டு, தாயுள்ளம் என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறான்.

“இத்தனை மாசமா ஏன் எங்கிட்ட சொல்லல மாரி?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்க கேக்கலியே மேடம். புகார் குடுத்தேன்னு சொன்ன ஒடனே நீங்க நாதன் சாரத் திட்ட ஆரம்பிச்சிட்டீங்க. அதுக்கு மேல நான் சொல்லல.”

ஆவுடைக்கா அப்போதுதான் உட்கார்ந்தார்கள். மாரிச்செல்வியைப் பக்கத்தில் கூப்பிட்டு, “மொதல்லருந்து சொல்லு தாயி, மெதுவாச் சொல்லு” என்றார்கள். சாட்சியிடம் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எந்த அலமாரி, கதவு எந்தப் பக்கம், வேறு யார் இருந்தார்கள். அவள் அழவில்லை. ஒழுங்காகச் சொன்னாள்.

நான் டீ போடப் போனேன். என் ஆபீஸில் எனக்குச் செய்ய வேறு வேலை இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கோர்ட் கலைந்த பிறகு ஆவுடைக்கா வந்து, “நீயும் வா” என்றார்கள். குற்றாலநாதன் ஆபீஸுக்குப் போனோம். என்னைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது. அக்காவுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“நாதா, ஒரே கேள்வி. நூலகத்துல அன்னைக்கு நீ பாத்தியா, இல்லியா?”

அவன் என்னைத்தான் பார்த்தான். “இது பியூலா கிளப்பி விடுதது. கட்டுரைக்குப் பதில் சொல்ல முடியாம…”

“அவள விடு. என்னப் பாத்துச் சொல்லு.”

“அக்கா, நான் என்னத்தப் பாத்தேன்? ரெண்டு பேரும் நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. உள்ள இருட்டு வேற.”

“பட்டப்பகல்லயா?”

அவன் குரலைத் தணித்தான். “எலெக்ஷன் நேரத்துல இதக் கிளப்பாதீங்க. அவர் கையில எவ்வளவு ஓட்டு இருக்குன்னு தெரியுமா? நீங்க ஜெயிச்சு வாங்க. அப்புறம் நாம உக்காந்து பேசி அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்லது பண்ணுவோம்.”

“அவரு பேர நோட்டீஸ்லருந்து எடு.”

“அது முடியாதுக்கா.”

“அப்ப என் படத்த எடு.”

குற்றாலநாதன் சிரிக்கப் பார்த்தான். “அக்கா, கோவப்படாதீங்க. யோசிச்சுப் பாருங்க. நான் எழுதலேன்னா இந்த எடம் ஒங்களுக்கு வந்திருக்குமா?”

ஆவுடைக்கா எழுந்துவிட்டார்கள். குரல் உயர்ந்தது. வெளியே குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“நீ சட்டப் புஸ்தகத்தத் தலைகீழாப் பிடிச்ச காலத்துலயே நான் வக்கீலுடா. நீ எழுதியா நான் வந்தேன்? தனியா நிக்கேன். நீ எவனுக்கு வேணும்னாலும் எழுது!”

தெருவுக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “செயிக்க முடியாதுல்லா?” என்றார்கள். ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

‘பொருநை முழக்கம்’ ஆசிரியருக்குப் போன் செய்தேன். இன்னொரு கட்டுரை தருகிறேன், இந்தத் தடவை ஆவுடையம்மாளை ஆதரித்து, அவர்கள் நடத்திய வழக்குகளைப் பற்றி, என்றேன்.

“மேடம், போன வாரம் பொம்மைன்னீங்க. இந்த வாரம் தலைவர்னு போட்டா வாசகர் சிரிப்பாங்க.”

அந்த ஆள் சொன்னதில் தப்பு இல்லை. போனைத்தான் ஓங்கி வைத்தேன். கண்ணாடி கீறிவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

மூன்று நாளாக ஆவுடைக்காவோடு ஓட்டுக் கேட்டுப் போகிறேன். வக்கீல்கள் என்னைப் பார்த்து, “பட்டுச் சேலை எங்க மேடம்?” என்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அக்கா ஒவ்வொரு மேசையிலும் நின்று ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: “நான் நடத்துன வழக்கு ஒங்களுக்குத் தெரியும். அத வச்சு யோசிங்க.”

கேண்டீனில் வடையைப் பிய்த்துக்கொண்டே அக்கா சொன்னார்கள், “நாதன் மொதல்ல வந்து கேட்டப்ப நான் ஒன் பேரத்தான் சொன்னேன். பியூலாவ நிறுத்து, அவளுக்குச் சங்க விதியெல்லாம் விரல் நுனியில இருக்குன்னேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“‘அவ கோவக்காரி, நம்ம சொன்னாக் கேக்க மாட்டா’ன்னான்.” அக்கா வடையைக் கீழே வைத்தார்கள். “அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். அப்ப நான் சொன்னாக் கேப்பேன்னு நெனச்சிருக்கான்.”

வீட்டுக்கு வந்ததும் தலைவலி. இவருக்குத் தோசை மட்டும் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாரிச்செல்வி இன்று அவளாகவே சொன்னாள்: “அக்கா ஜெயிச்சா அந்தப் புகார எடுக்கட்டும் மேடம். என் பேரச் சொன்னாலும் பரவால்ல. வீட்டுல அப்பாட்ட சொல்லிட்டேன்.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“எந்திரிச்சுப் போய் வாசல்ல நின்னாரு. அப்புறம், சாப்பிட்டியான்னு கேட்டாரு.”

ஆகஸ்ட் 27, புதன்

வேட்பாளர் அறிமுகக் கூட்டம். பார் அறை நிரம்பி வராண்டாவிலும் ஆட்கள். குற்றாலநாதன் முன்வரிசையில் பொருளாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் அணிக்கு இப்போது தலைவர் வேட்பாளர் இல்லை. செல்லப்பாண்டியனோடு பேச்சு நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெண் தலைமை வேண்டும் என்று எழுதியவன், ஒரு மாதம் ஆவதற்குள் செல்லப்பாண்டியன் சொன்ன நகைச்சுவைக்குக் கை தட்டிக்கொண்டிருந்தான்.

கேள்வி நேரத்தில் நான் எழுந்தேன். “ரெண்டு வேட்பாளருக்கும் ஒரே கேள்வி. இந்த வளாகத்துக்குள்ள ஒரு பெண் வக்கீல், சக வக்கீல் மேல புகார் குடுத்தா என்ன செய்வீங்க?”

செல்லப்பாண்டியன் முந்திக்கொண்டார். “ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு, வெளிய தெரியாம, சுமுகமாப் பேசிச் சமாதானம் பண்ணி வைப்போம். நம்ம சங்க மானம் முக்கியம்லா.” பலத்த கைதட்டல்.

ஆவுடைக்கா மைக்கை வாங்கவில்லை. அவர்களுக்கு அது தேவையும் இல்லை.

“சமாதானம் பேச இது என்ன பங்காளிச் சண்டையா? ஜனவரியில ஒரு புகார் வந்திச்சு. இன்னைய வரைக்கும் ஒருத்தரும் அதப் பிரிச்சுப் படிக்கல. நான் வந்தா மொத நாள் மொத வேல அதுதான். இன்னொண்ணும் சொல்லிருதேன். நான் ஒங்க யாருக்கும் அம்மா இல்ல. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, அதுகளே போதும். பொம்பளைன்னு ஓட்டுப் போடாதீங்க. வக்கீல்னு தோணுனாப் போடுங்க.”

இளம் வக்கீல்கள் பின்னால் இருந்து விசில் அடித்தார்கள். பொருளாளர் எழுந்து வெளியே போனார். அவர் பின்னாலேயே முன்வரிசையில் பாதி காலியானது. அந்தப் பாதியோடு தேர்தலும் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும். சொல்லிவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆவுடைக்கா தோற்றுவிட்டார்கள், செல்லப்பாண்டியன்தான் தலைவர். பெரிய வித்தியாசம்.

பொருளாளர் அதே பதவிக்கு ஜெயித்துவிட்டார். அவர் கழுத்தில் விழுந்த முதல் மாலை குற்றாலநாதன் போட்டது. மாரிச்செல்வி என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். “போவோம் மாரி” என்றேன். “இல்ல மேடம், முழுசாப் பாத்துட்டு வாரேன்” என்றாள்.

வெடி போட்டார்கள். கோர்ட் வளாகத்தில் வெடி போடக்கூடாது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

குற்றாலநாதன் மறுபடியும் எழுதியிருக்கிறான். ‘வாய்ப்பை நழுவவிட்ட பெண்கள்.’

“ஒரு பெண்ணைத் தலைவராக்க ஆண்களாகிய நாங்கள் முன்வந்தோம். தடுத்தது யார்? ஒரு பெண் வழக்கறிஞரின் பேனாதான் முதல் கல்லை எறிந்தது. பெண்கள் முதலில் பெண்களை ஆதரிக்கக் கற்றுக்கொள்ளட்டும்.”

பத்திரிகையைச் சுருட்டி மேசையில் அடித்தேன். நாய் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்தேன். பொய்யன், கண்ணால் பார்த்ததை மறைத்தவன், மாலை போட்டவன். ஒரு பக்கம் ஆனது. ஆனால் அந்த முதல் கல் என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் பேனா நின்றது. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதை அடித்து அடித்துத் தாள் கிழிந்துவிட்டது.

இவர் காபி கொண்டு வைத்தார். இன்றைக்குப் பார்த்து ஒன்றும் கேட்காமல் இருந்தாரே என்று அதற்கும் கோபம் வந்தது.

ஆவுடைக்கா போன் செய்தார்கள்.

“படிச்சேன். பதில் எழுதிக்கிட்டிருக்கியா?”

“ஆமாக்கா.”

“நிறுத்து. நீ எழுதுவ, அவன் எழுதுவான், பத்திரிகைக்காரன் நல்லா இருப்பான். அந்தப் பிள்ளைக்கு என்னட்டி கெடச்சுது? புகார நான் தயார் பண்ணிட்டேன். நாளைக்கு ஜில்லா ஜட்ஜய்யாட்டக் குடுக்கோம். நீ வந்து வாசிச்சுப் பாரு. சிவில் வக்கீல் கண்ணுக்கு எதும் ஓட்ட தெரிஞ்சாச் சொல்லு.”

போனேன். ஓட்டை எதுவும் இல்லை. ஒரு தேதியை மட்டும் திருத்தினேன். சாட்சிகள் என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

மூன்று பேரும் மாவட்ட நீதிபதியின் அறைக்கு முன்னால் காத்திருந்தோம். மாரிச்செல்வி கழுத்துப் பட்டையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள். சங்க அலுவலகத்தில் இருந்து இரண்டு பேர் வந்து, “புதுத் தலைவர் பேசணும்கிறார்” என்றார்கள். “வர முடியாதுன்னு சொல்லுங்க” என்றாள் மாரிச்செல்வியே.

பதினோரு மணிக்கு மேல் கூப்பிட்டார்கள். நீதிபதி புகாரை முழுவதும் படித்தார். மாரிச்செல்வியைப் பார்த்து, “நீங்களே முன்வந்து கொடுக்கிறீர்களா?” என்று கேட்டார். “ஆமாம் ஐயா” என்றாள். “ஜனவரியிலேயே ஏன் என்னிடம் வரவில்லை?” என்றார். அவள் சொன்னாள்: “சங்கத்த நம்புனேன் ஐயா.” அவர் பேனாவை எடுத்தார். கோர்ட் வளாகத்துப் பெண்கள் புகார்க் குழுவுக்கு அனுப்பி, அங்கேயே கையெழுத்துப் போட்டார். குழு இந்த வாரமே கூடும், சம்பந்தப்பட்டவர்களுக்கும் சாட்சிக்கும் சம்மன் போகும் என்றார்.

ஜெயித்த மாதிரி ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஆள் இன்னும் பொருளாளர்தான். செல்லப்பாண்டியன்தான் தலைவர். ஆவுடைக்காவுக்கு ஒரு ஜாமீன் மனு இருந்தது. கவுனை உதறிக்கொண்டு போய் அதை முடித்துவிட்டு வந்தார்கள்.

மூன்று பேரும் சாப்பிடக் கிளம்பியபோது வராண்டாத் திருப்பத்தில் குற்றாலநாதன் நின்றான். செய்தி அதற்குள் போயிருக்கிறது. என்னிடம்தான் வந்தான்.

“ஏன் பியூலா இவ்வளவு கோவம்? என் பேரப் போய் அதுல எழுதியிருக்கீங்க. நான் என்ன கெடுதல் பண்ணுனேன்? இந்த ஊர்ல பொம்பளைங்களுக்காக எழுதுன ஒரே ஆம்பளை நான்தான்.”

எனக்கு வாய் வரை வந்தது. பத்து வாக்கியம் வந்தது. அதற்குள் மாரிச்செல்வி எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். அவனிடம் ஜூனியராக இருந்த காலத்தில் அவன் முன்னால் உட்காரக்கூட மாட்டாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

“எழுதுனது போதும் சார்” என்றாள். “சாட்சி சொல்ல வாங்க.”

குற்றாலநாதன் அவளைப் பார்த்தான். ஆவுடைக்காவைப் பார்த்தான். பிறகு கழுத்தைத் திருப்பி, யாரோ கூப்பிட்ட மாதிரி, “என் கேஸக் கூப்பிடுதாங்க” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தான்.

அப்போது மதிய இடைவேளை. எந்தக் கோர்ட்டிலும் எந்தக் கேஸையும் கூப்பிடவில்லை.